நெற்றியில் ஒரு சிலுவை

மணக்குடி,
12 அக்டோபர் 2025

அன்பு மகன் ஷைஜுவுக்கு அம்மா இசபெல் எழுதுவது. குவைத்தில் உனக்கும் மருமகள் பிரிஜாவுக்கும் மாதா துணை நிற்கட்டும். என் சுகத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை. சுவரில் மாட்டிவைத்த கேமராவில்தான் தினமும் பார்க்கிறாயே.

போனில் நான் வாய் திறப்பதற்குள் 'வேற என்னம்மா?' என்கிறாய். அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு டெல்சியின் மகன் லிஜின் புதன்கிழமை அங்கே வருகிறான். நெத்தோலிக் கருவாடும் கொடுத்து அனுப்புகிறேன்.

இருபதாம் தேதியோடு அப்பா போய் ஒரு வருடம். உனக்கு லீவு இல்லை, நினைவுப் பூசையை நேரலையில் காட்டச் சொல்லிப் பங்குச் சாமியாருக்கு வாட்ஸாப்பில் எழுதினாயாம். அவர் சொல்லித்தான் பெற்றவளுக்குத் தெரிகிறது. நீ அனுப்பிய கால் பிடித்துவிடும் மெஷின் பெட்டியிலேயே இருக்கிறது. எனக்குக் காலில் நோவு என்று யார் சொன்னது?

போன வாரம், 'கேமராவுக்க முன்னால எதுக்கும்மா அவ்வளவு நேரம் நிக்கிய?' என்று கேட்டாய். சிலந்தி வலை இருந்தது என்று சமாளித்தேன்.

ஜெபமாலை முடிந்ததும் நம் வீட்டில் என்ன செய்வோம், மறந்துவிட்டாயா? சின்னவர்கள் 'சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம்' சொன்னால் பெரியவர்கள் நெற்றியில் சிலுவை போடுவார்கள். உனக்கு நான் போட்டேன், எனக்கு அப்பா போட்டார். வலை இழுத்துக் காய்த்த விரல், நெற்றியில் உரசும். சண்டை போட்ட நாளிலும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போட்டுவிடுவார். இப்போது வீட்டில் நான்தான் பெரியவள். அன்றைக்குப் பழக்கத்தில் அவர் நாற்காலிப் பக்கம் திரும்பி, ஸ்தோத்திரம் சொல்லி நெற்றியைக் காட்டிவிட்டேன். அதற்கு மேலேதான் உன் கேமரா. நீ பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன், நகர மனம் வரவில்லை.

அடக்கத்துக்குப் பிறகு ஒருவரும் என்னைத் தொடவில்லை மக்கா. டெல்சி வாசலில் நின்று மீன் விலை பேசிவிட்டுப் போகிறாள். கோட்டாற்று டாக்டர்கூட பிரஷர் மெஷினைக் கையில் கட்டிவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்கிறார். கோபம் உன்மேல் மட்டுமில்லை. இதையெல்லாம் நானே கேட்டு வாங்கும்படி விட்டுவிட்டுப் போன உன் அப்பா மேலும் கோபம்தான்.

எப்போதும் கடிதத்தின் கடைசியில் உங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை போடுவதாக எழுதி முடிப்பேன். இந்தத் தடவை போடவில்லை. பெரியவர்தான் போட வேண்டும் என்கிற முறையும் எனக்கு வேண்டாம். பூசைக்கு வராவிட்டால் போகட்டும், என்றைக்காவது வந்து நீ போட்டுவிட்டுப் போ.

சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம், மகனே.

நெற்றியைக் காட்டி நிற்கும்
உன் அம்மா