கையெழுத்துக்கு விட்ட இடம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

குவைத்திலிருந்து உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. உங்களிடம் சொல்லாமல் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். அதனால்தான் எழுதக் கை வரவில்லை.

நம் நகரிப் பெண்களும் தமிழ்நாட்டு எல்லை தாண்டி வரும் பள்ளிப்பட்டுப் பெண்களும் சங்கமாகச் சேர்ந்து ஊறுகாய் போட்டு விற்கிறோம். கடைகளுக்குத் தெலுங்கிலும் தமிழிலும் கடிதம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். பாப்பாவை நினைத்துத் தயங்கினேன்.

"ஏம்மே, பி.ஏ. படிச்சது தூளி ஆட்டறதுக்கா? கூட இட்டுக்கினு வா" என்றார் பள்ளிப்பட்டு ரத்தினம்மாக்கா. ஊறுகாய் போடும் இடத்திலேயே தன் புடவையில் தூளி கட்டினார். போன வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல். நான் அழுதுகொண்டு நிற்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவர்தான். இப்போது நன்றாக இருக்கிறாள், பயப்படாதீர்கள். அந்த அக்காவுக்கு என்ன செய்து கடன் தீர்ப்பேனோ தெரியவில்லை.

அடுத்த மாதம் சங்கத்துக்கு வண்டி வாங்குகிறோம். இரண்டு பக்கத்துச் சாலையும் தெரிந்த டிரைவர் வேண்டும்.

"உன் வூட்டுக்காரரு அங்க யாரு வண்டியையோ ஓட்டிக்கினு கீறாரே, நம்ம வண்டிய ஓட்டமாட்டாரா?" என்று அக்கா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கே இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். டிரைவர் வேலைக்கு உங்கள் பெயரில் மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.

காத்திருக்கும்,
பாப்பாவின் அம்மா