அப்பா தைத்த கோமாளிச் சட்டை

ஹ்விடோவ்ரே, டென்மார்க்,
புதன்கிழமை

அன்பு மகள் சுஜாந்தினிக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் பெருவிரலைத் தவிர, அதைப் பிறகு சொல்கிறேன். நீ சுகமாயிருக்கிறாய் என்பது நோயாளிப் பிள்ளைகளைச் சிரிக்கவைக்கும் உங்கள் தொண்டர் கோமாளிக் கூட்டத்து ஜோனாஸ் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும், ஐந்து நாளாய் நீ என் போனை எடுக்கிறாயில்லை. கம்போடியாவில் இறங்கிப் பெட்டியைத் திறந்துவிட்டு, அம்மா என்ர கோமாளி உடுப்பு எங்க, ஏன் ரெண்டு கிலோ கறித்தூள் கிடக்குது என்று கத்தினதோடு சரி. கோபம் நியாயம்தான். ஜோனாஸ் நாளைக்கு அங்கே புறப்படுகிறான், அவனிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு பார்சலையும் கொடுத்துவிடுகிறேன்.

உண்மையைச் சொல்கிறேன். நீ குளிக்கப் போன நேரம் பாரம் பார்க்கத்தான் பெட்டியைத் திறந்தேன். மேலே ஒரு சட்டை, முழங்கையில் ஓட்டை, முதுகில் நாலு நிறத்தில் ஒட்டு, ஒரு கை நீளம் ஒரு கை கட்டை. இதைப் போட்டுக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனால் அந்த நோயாளிப் பிள்ளைகளின் தாய் தகப்பன் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள். அடியில் சப்பாத்து. அதைக் கண்டு நான் பயந்தே போனேன், இவ்வளவு பெரிய சப்பாத்து எந்த ஆம்பிளையுடையது என்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சாணால் அளந்துவிட்டு, இந்தக் காலுக்குரிய பெடியன் எங்கட வாசலுக்குள்ளால குனிஞ்சாலும் வரமாட்டான் என்றார். எல்லாவற்றையும் பையில் கட்டி, கடைக்குப் பக்கத்தில் ஏழைகளுக்கென்று பழைய உடுப்புப் போடும் பெட்டிக்குள் தள்ளிவிட்டேன். பதிலுக்கு உன் நீல நிற ஒஃபிஸ் உடுப்பை இஸ்திரி போட்டு வைத்தேன், மிச்ச இடத்துக்குத்தான் கறித்தூள்.

நீ கத்தின அன்றே இருவரும் அங்கே ஓடினோம். அப்பா தோள்வரைக்கும் கையை விட்டுத் துழாவினார், வந்தது ஒற்றைக் காலுறை. அந்த வழியால் வந்த டெனிஷ்காரி ஒருத்தி எங்களைப் பார்த்துக் கண் கலங்கி, தான் போட வந்த நல்ல ஜக்கெட்டை அப்பாவின் கையில் வைத்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாயும் வரவில்லை, மனமும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் அதைத்தான் போட்டு வந்தார்.

திங்கட்கிழமை உங்கள் முதல் நிகழ்ச்சி, ஆறு கோமாளிகளுக்கு நடுவில் நீ மட்டும் ஒஃபிஸ் உடுப்பில் நிற்கப் போகிறாய் என்று ஜோனாஸ் சொன்னான். நானே தைக்கிறேன் என்று தையல் மிசினில் போய் இருந்தேன். முப்பது வருசமாய் இங்கே தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் பிளவுஸ் தைத்த கை, கோணலாய்த் தைக்க மாட்டேன் என்கிறது. சட்டையின் இரண்டு கையும் ஒரே நீளம், ஒட்டுத் துண்டுகூட நேராய் நிற்கிறது. ஜோனாஸ் வந்து பார்த்துவிட்டு, வடிவா இருக்கு அன்ரி, பாங்குக்குப் போட்டுக்கொண்டு போகலாம் என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் அப்பா என்னிடமிருந்து ஊசியை வாங்கினார். ஒரு பொத்தான்கூடத் தைத்தறியாத மனிசன். நான் தைத்ததைப் பிரித்து, கழுத்துப் பக்கம் ஒரு சட்டைக் கையை வைத்துத் தைத்தார், பொக்கற்றைத் தலைகீழாய்த் தைத்தார், பெருவிரலில் ஐந்து குத்து வாங்கினார். முடித்துவிட்டு எழும்பினால் சட்டையும் கூடவே எழும்புகிறது, தான் போட்டிருந்த காற்சட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்டார். ஜோனாஸ் கை தட்டினான், இதுதான் சரி அங்கிள் என்றான். சப்பாத்துக்கும் அவனே வேறு சோடி பார்த்துவிட்டான்.

வெட்டிப் பிரித்தெடுத்த பிறகு, சரிவருமா என்று பார்க்க நான்தான் போட்டேன். ஜோனாஸ் சிவப்பு மூக்கையும் வைத்துவிட்டான். சும்மா அறையில் நாலடி நடந்தேன், அப்பா கதிரையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். மாசி மாதம் நெஞ்சு ஒப்பரேஷன் முடிந்த பிறகு அந்த மனிசன் வாய்விட்டுச் சிரித்து நான் காணவில்லை மகள். இன்னொரு தரம் நடந்து காட்டினேன். பிறகும் ஒரு தரம். உன் வேலையைக் குப்பை என்று எறிந்துவிட்டேன், அம்மாவை மன்னித்துக்கொள்.

சின்ன வயது தொட்டு, சனம் சிரிக்கும் ஒழுங்காய் இரு என்று சொல்லியே உன்னை வளர்த்தேன். திங்கட்கிழமை உன்னைப் பார்த்துச் சனம் சிரிக்க வேண்டும் என்று இன்றைக்கு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்திருக்கிறேன். மாதா உன்னையும் அந்தப் பிள்ளைகளையும் காப்பார். சட்டையைத் தோய்க்காதே, அப்பாவின் தையல் தண்ணீரைத் தாங்காது. நிகழ்ச்சி முடிந்ததும் எனக்கு ஒரு போன் எடு. இன்னும் கோபம் என்றால் அப்பாவுக்கு எடு, நான் பக்கத்தில் சத்தம் போடாமல் நின்று கேட்கிறேன்.

உன் அன்பு அம்மா
விக்ரோரியா