அளக்காமல் விட்ட ஆறு

ஹஸ்னாம்மா,

ஹாட்பாக்ஸில் இடியாப்பம் இருக்கிறது. தேங்காய்ப்பாலைச் சுட வைத்துக்கொள். அம்மா கம்பத்திலிருந்து பத்து மணிக்கு வருவாள். அவளிடம் சாவி இல்லை, கதவைத் திறந்துவிடு.

நேற்று உன் ரிப்போர்ட்டில் புவியியலுக்கு நேராக இருந்த ‘டி’யை மட்டும் பார்த்துவிட்டு, “இங்கிலாந்துப் பாடத்திட்டத்துல சேத்துவிட்டது இதுக்குத்தானா?” என்று கத்தினேன்.

விடிந்ததும், அதற்குக் கீழே டீச்சர் எழுதியிருந்ததை ஃபோனில் தமிழாக்கிப் படித்தேன். ஆற்றின் ஆழத்தையும் வேகத்தையும் மூன்று இடங்களில் அளக்க வேண்டுமாம். நீ போடிப் பாலத்தடியில் மட்டும் அளந்திருக்கிறாயாம். கெடு போன வெள்ளியோடு முடிந்துவிட்டதாம்.

“குரங்கணிக்குக் கூட்டிட்டுப் போங்கத்தா” என்று மூன்று ஞாயிறு கேட்டாய். “ஏலக்காய் லோடு வருது, அடுத்த வாரம் பாப்போம்” என்றேன், மூன்று தடவையும். அந்த ஞாயிறுகளில் நம் ஜீப்பு அதே ஆற்றங்கரை வழியாகத்தான் மேலே குரங்கணிக்குப் போய் வந்தது.

கடையைப் பார்த்துவிட்டு மதியம் வருகிறேன். உனக்கு மனம் இருந்தால் போவோம். இனி மார்க்குக்கு ஆகாது என்று தெரியும்.

அத்தா

பி.கு. அளக்கிற டேப்பை ஜீப்பில் வைத்துவிட்டேன்.

இன்னொன்று. மேசையில் இருந்த உன் நோட்டைத் திறந்து பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதே. இரண்டாம் இடம், மூன்றாம் இடம் என்று கட்டம் போட்டு, அளவு எழுத வேண்டிய இடத்தில் ‘அத்தா கூட்டிட்டுப் போறப்ப’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறாய்.

அதை அழித்துவிடாதே, தாயி.