கம்ப்யூட்டர் அறையில் நிலாப் பாடம்

18.7.2005, திங்கள்

புழுக்கம். கோயில் மலை மேல் மட்டும் மேகம். அரக்கோணம் போய் எம்.பில். வழிகாட்டியைப் பார்த்தேன். என் தலைப்பு: கம்ப்யூட்டர் வைத்துப் பாடம் நடத்த ஆசிரியருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும். எழுதிக் கொண்டுபோனதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப எல்லாரும் மனப்பான்மைதாம்மா பண்றாங்க. கம்ப்யூட்டர் புடிக்குமா, புடிக்காதானு கேளுங்க. சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். அவர் அலமாரி முழுக்க அதே ஆய்வுதான். ஊர் மட்டும் வேறு.

பிடித்தால் போதுமா? அறிவியல் தெரிவது ஒன்று. அதைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது ஒன்று. மெஷினை ஓட்டுவது ஒன்று. மூன்றும் ஒருத்தியிடம் எப்படிச் சேரும் என்று எவரும் கேட்பதில்லை. மன்றாடினேன். "சரி, ஒரு பாடம் நடத்தி டெஸ்ட் வைங்க, பாக்கலாம்." அந்த மட்டும் விட்டாரே.

வாங்க வேண்டியது: ரீஃபில், மஞ்சள் தூள்.

20.7, புதன்

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் விசாரணை. எல்லாரும் கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போய் வந்தவர்கள். எல்லாருக்கும் கம்ப்யூட்டர் பிடிக்குமாம். ஒருவரும் கம்ப்யூட்டர் அறையைத் திறப்பதில்லை. தமிழ் டீச்சர்: "ஆங், புடிக்கும்னு எழுதிக்கோ. தொட்டு எதுனா ஆச்சினா யார் பதில் சொல்றது? நமக்கு எதுக்கும்மா வம்பு?"

சாவி ஹெச்.எம். பீரோவில். கெஞ்சி வாங்கினேன். மானிட்டரில் போன ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டு. தலைவலி.

25.7, திங்கள்

ஏழாம் வகுப்பு. நிலாப் பாடம். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கைகட்டி நின்றார்கள், சந்நிதியில் நிற்கிற மாதிரி. நான் மவுஸை அழுத்த அழுத்த நிலா தேய்ந்தது, வளர்ந்தது. "ஐயோ, சூப்பர் மிஸ்!" எனக்கும் தலைகால் புரியவில்லை.

கே.ஜி.கண்டிகை பஸ்ஸில் வரும் புஷ்பா மட்டும், "அது ஏன் மிஸ் தேயுது?" என்றாள். கரண்ட் போய்விடுமோ என்ற பதற்றம் எனக்கு. "அதான் காட்டிகினு இருக்கேனே, ஸ்கிரீனப் பாரு."

வருஷா வருஷம் இந்தப் பாடத்துக்கு ஒருத்தி கையில் சூரியனாக டார்ச், ஒருத்தி கையில் நிலாவாகப் பந்து கொடுத்துச் சுற்றவிடுவேன். இன்று அது ஞாபகத்துக்கே வரவில்லை.

29.7, வெள்ளி

நாளை கிருத்திகை. தெருவெல்லாம் காவடி, அரோகரா. டெஸ்ட் பேப்பர் திருத்தம். படங்கள் அழகு. எல்லா நிலாவையும் சுற்றி ஒரு பெட்டி, பெட்டிக்குக் கீழே மானிட்டர் ஸ்டாண்டு. காரணம் கேட்ட இடம் மட்டும் காலி.

வழிகாட்டிக்கு போன் போட்டேன். "படத்துக்கு நல்ல மார்க் வந்திருக்குல்ல? அப்புறம் என்னம்மா? கம்ப்யூட்டரால கற்றல் மேம்பட்டதுனு எழுதி முடிங்க."

மேம்பட்டதாம். பாடமும் தெரியும், மெஷினும் தெரியும், ஒன்றுக்கும் உதவவில்லை. இதற்கா இத்தனை அலைச்சல். அழுகையாக வருகிறது.

கடைசியாகப் புஷ்பா பேப்பர். அவள் காலி விடவில்லை. நிலா தேயக் காரணம் என்ன? முத்து முத்தான கையெழுத்தில்: "மிஸ் மவுஸை அழுத்துவதால்."

தப்பு போடக் கை வரவில்லை. நான் காட்டியது அதைத்தான்.