நூற்றுப் பதினெட்டு றாத்தல்

2025 பெப்ரவரி 11

நான் தராசில் தொங்கியது எந்த வருஷம் என்று ஜனா தம்பி மறுபடியும் போனில் கேட்டார். வருஷத்தின் நம்பர் எனக்கு எங்கே தெரியும்? மட்டக்களப்பைச் சூறாவளி அள்ளிக்கொண்டு போனதே, அதற்கு அடுத்து வந்த மாசி. மருந்துக்காரர் வீட்டு நாயைச் சிறுத்தை தூக்கிய மாதம். என் மூத்தவனுக்கு அப்போது பல் முளைக்கவில்லை. "அப்ப எழுபத்தொன்பது" என்று அவரே கணக்குப் பார்த்துச் சொன்னார்.

நான் சொல்ல, மருமகள் சுதர்ஷினி எழுதுகிறாள். எனக்குப் பெருவிரல்தான் கையெழுத்து. இந்த டயரியைக் கொடுத்தவரும் ஜனா தம்பிதான். நான் பேசுவதை இவள் பள்ளிக்கூடத் தமிழாக்கிவிடுகிறாள். படித்துக் காட்டினால், யாரோ பெரிய மனுஷன் சொன்னது போல இருக்கிறது.

பெப்ரவரி 12

ஜனா தம்பி யாரென்று எழுத வேண்டாமா என்கிறாள் மருமகள். எழுது.

ஜனார்த்தனன். ஹட்டன் பசாரில் புடைவைக் கடைக்காரரின் மகன். நான் தராசில் தொங்கி ஏழு வருஷம் கழித்து, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எங்கள் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு வந்தார். எட்டு மாதம் இருந்து, என் பெண்சாதி ராக்காயி சுட்ட ரொட்டியைத் தின்று, எங்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். இப்போது ஓய்வுபெற்ற பேராசிரியர்.

அதில் மூன்றாம் அத்தியாயம் நான். பறித்த கொழுந்தைச் சாக்கோடு கொக்கியில் மாட்டி நிறுப்பார்கள். கணக்கப்பிள்ளை சிவசாமி வாசிப்பதுதான் நிறை. பெண்களுக்குச் சந்தேகம், தராசு குறைத்துக் காட்டுகிறது என்று. அந்த வாரம் நான் நானுஓயா ஸ்டேஷனுக்குக் முட்டைக்கோவா மூட்டை இறக்கப் போனபோது, பார்சல் தராசில் விளையாட்டாக ஏறினேன். நூற்றுப் பதினெட்டு றாத்தல். நாலு நாள் கழித்து நம் தராசின் கொக்கியைப் பிடித்து வவ்வால் மாதிரித் தொங்கினேன். நூற்றாறு. இளைத்தது நானா, தராசா? மறு வாரமே புதுத் தராசு வந்தது.

எங்கெங்கோ தேசத்தில் பழம் பறிக்கிறவர்களைப் பற்றியும் சணல் ஆலைக்காரர்களைப் பற்றியும் எழுதுகிறவர்கள் இதை மேற்கோள் காட்டுகிறார்களாம். அது என்ன என்று மருமகளிடம் கேட்டேன்.

"ஒங்க பேரச் சொல்லி அவங்க பேச்ச நம்ப வைக்கிறது, மாமா."

மாணவர்கள் வேன் பிடித்து வந்து என்னோடு படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ராக்காயி இருந்தவரை, அவர்கள் வந்தாலே அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பாள்.

பெப்ரவரி 20

கெட்ட செய்தி. வெளிநாட்டில் ஒரு ஆராய்ச்சிக்காரர் எழுதியிருக்கிறார்: தோட்டத்துப் பதிவில் அப்படி ஒன்றும் இல்லை, எழுத்தறியாத தொழிலாளிக்குத் தன் நிறை எப்படித் தெரியும், இது ஒருத்தன் சொன்ன கதை என்று. ஏப்ரலில் புத்தகம் மறுபதிப்பு. அன்றைக்குப் பார்த்தவர் இன்னொருவர் சொன்னால் அத்தியாயம் நிற்கும். இல்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள்.

"யாராச்சும் இருக்காங்களா அண்ணே?" என்று ஜனா தம்பி கேட்டார்.

"எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க தம்பி" என்றேன்.

பெப்ரவரி 21

பொய் சொன்ன வாய்க்கு ரொட்டி இறங்கவில்லை. மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 2

மருமகளிடம் சொல்லிவிட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எடும்மா, எழுது.

தொங்கியது நான். தொங்கச் சொன்னது நான் இல்லை. ஸ்டேஷனிலிருந்து வந்த நாள் முதல் லயம் முழுக்க "நூத்திப் பதினெட்டு, நூத்திப் பதினெட்டு" என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். அதைக் கேட்டு யோசித்தவள் ஒருத்தி. நிறுவையில் எல்லார் முன்னாலும் என் சட்டையைப் பிடித்துக் கொக்கிக்கு இழுத்தவளும் அவளே. மறு வருஷம் புருஷனோடு ராகலைப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள். பிறகு வந்த ஜனா தம்பி, "இது யாரோட யோசனை?" என்று கேட்டார். பக்கத்தில் நாலு ஆம்பிளைகள். வாய் என்னுடையதுதானே, என் பெயரைச் சொல்லிவிட்டது.

"அத்தைக்குத் தெரியுமா?"

"பின்ன எதுக்குச் சிரிச்சான்னு நெனைக்கிற?"

மார்ச் 9

மூன்று பஸ் மாறி ராகலை போனேன். அந்த அக்கா, தன் மகன் வீட்டுத் தோட்டத்தில் லீக்ஸ் பாத்திக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னைவிட நாலு வயது மூப்பு. கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"யாரு, நூத்திப் பதினெட்டா?"

நாற்பத்தாறு வருஷம்! நான் வாயே திறக்கவில்லை, நம்பர் அவள் வாயிலிருந்து வருகிறது.

புத்தகக் கதையைச் சொன்னேன்.

"தொங்கினன்னுதானே போட்டிருக்கு? நெசந்தானே."

"யோசனையும் எனதுன்னு இருக்கு, அக்கா."

ஒரு மண்கட்டி என் தோளில் வந்து விழுந்தது.

"ஒனக்கு யோசனையா? கண்ண மூடிக்கிட்டு மாரியாத்தான்னு கத்துனியே, அது இருக்கா அதுல?"

"இல்ல."

"அப்ப அது பாதிப் புத்தகம்."

எல்லாரும் செத்துவிட்டதாகச் சொன்னதையும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னையும் எடுத்துட்டியா? எத்தன பேரு வந்தாங்க எழவுக்கு?"

சொல்லு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. ஒரு கட்டு லீக்ஸ் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள்.

மார்ச் 10

லீக்ஸ் கறி. நாலு ரொட்டி. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 16

ஜனா தம்பி வந்தார். தலை முழுக்க வெள்ளை. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"மூணாவத எடுத்துடலாம்ணே. சாட்சியில்லாம அத வச்சிருந்தா, மத்ததையும் நம்பமாட்டாங்க. முப்பத்தெட்டு வருஷம் அதத்தான் பாடம் நடத்தினேன். பரவாயில்ல."

பரவாயில்லை என்று சொன்ன முகம் அது இல்லை. எட்டு மாதம் எங்கள் லயத்தில் ஒழுகுகிற கூரைக்குக் கீழே உட்கார்ந்து எழுதிய மனுஷன். மருமகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இனி வேனில் வருகிறவர்கள் ராகலைக்குத்தான் போவார்கள். போகட்டுமே, பாதை தெரியாத டிரைவருக்கு நான் வழி சொல்கிறேன்.

"பேனா இருக்கா தம்பி?" என்று கேட்டு, அன்றைக்குப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணினேன். "கணக்கப்பிள்ளை சிவசாமி, குதிரைப் பந்தயத்துல பணம் வுழுந்த அன்னிக்கே போனாரு. தராசுக் கம்பத்தப் பிடிச்சிருந்த மாயாண்டி, சுனாமி வந்த வருஷம். ராக்காயி, கொரோனாவுக்கு முந்தின பொங்கலுக்கு."

அவர் பேனாவை மூடப் போனார்.

"ஒரு ஆள் மிச்சம். யோசனையும் அவளோடதுதான். நான் வெறும் மூட்டை. என் நூத்திப் பதினெட்ட அவ இன்னிக்கும் மறக்கல. எழுதிக்கங்க: ராகலை அழகம்மா."