முதலில் கை நீட்டியவள்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதித்தான் எப்போதும் தொடங்குவேன். இன்றைக்கும் அப்படியே இருக்கட்டும். போனில் பேசலாம்தான். ஆனால் இந்த வீட்டில் இரண்டே அறை, நடுவில் ஒரு திரைச்சீலை, என் மகள் வாலுவுக்கோ காது நீளம். ஒன்பது வயதுக்கு இவ்வளவு காது கூடாது. அதனால்தான் காகிதம். படித்ததும் கிழித்துவிடு.

போன ஞாயிறு எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் ரத்தப் பரிசோதனை முகாம். எச்.ஐ.வி.க்கு. பாஸ்டரம்மா இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து ஏற்பாடு செய்தார். ஹாலில் மேசை போட்டு, நர்ஸ் கையுறை மாட்டி உட்கார்ந்தும் ஆகிவிட்டது. ஒருத்தியும் நகரவில்லை. "நாமெல்லாம் குடும்பப் பொம்பளைங்க, நமக்கெதுக்கு இது?" என்று பின்வரிசையில் ஒரு குரல். பாஸ்டரம்மா முகம் வாடிப்போனது. எனக்கு மனசு கேட்கவில்லை. "ஊசிக்குப் பயந்தா நான் தையல் மெஷின்ல உக்கார முடியுமா?" என்று சொல்லிக்கொண்டே போய் முதலில் கையை நீட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரை போனது.

அரை மணி கழித்து நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்கம்மா, இன்னொரு தடவை பாத்துடலாம்" என்றார். நேற்றுப் போனேன். இன்னொரு தடவை பார்த்தார்கள். அதற்கு மேலும் ஒரு தடவை.

இருக்கிறது தம்பி.

உன் அத்தான் லாரி ஓட்டப் போய் வந்ததும், கடைசி வருஷம் இருமி இருமி எலும்பாகிக் கண்ணை மூடியதும் உனக்குத் தெரியும். நுரையீரல் என்றுதான் எல்லோருக்கும் சொன்னோம். நானும் அதைத்தான் நம்பினேன். "அவருக்கு இந்தப் பரிசோதனை பண்ணாங்களா?" என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது.

வாலுவுக்கும் பார்க்க வேண்டுமாம். என்ன சொல்லிக் கூட்டிப் போவேன்?

இன்னொரு பயம், நீ. இந்த வியாதி தப்பு செய்தவர்களுக்கு ஆண்டவர் கொடுக்கும் தண்டனை என்று பிரசங்கம் செய்து, அந்தப் பதிவை எனக்கு அனுப்பியிருந்தாயே. அதைத் தையல் அறையில் எல்லோருக்கும் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். "என் தம்பி, பாஸ்டர்" என்று சொல்லிச் சொல்லி. என்ன தப்பு செய்தேன் என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். எழுது.

உன் அக்கா


மார்ச் 9

பிரியமுள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கிழித்துவிட்டேன்.

ஒருவரிடமும் சொல்லாதே. பாஸ்டரம்மா நல்லவர்தான், இருந்தாலும் அவரிடமும் வேண்டாம். நான் இங்கே என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வாலுவுக்கு இப்போது பரிசோதனை வேண்டாம். தெரிந்து என்ன செய்யப்போகிறோம்? பள்ளிக்கூடத்தில் ஒருத்தருக்குத் தெரிந்தால் போதும், குழந்தையை எங்கே உட்கார வைப்பார்களோ.

மாத்திரை கொடுத்தார்களா? அதை நீ எழுதவில்லை.

அந்தப் பிரசங்கம் பொதுவாகச் சொன்னது. உன்னை நினைத்துச் சொன்னதில்லை. நீ தப்பு செய்தவள் இல்லை என்று எனக்குத் தெரியாதா?

ஜெபிக்கிறேன். வார்த்தை வரவில்லை. முழங்காலில் இருக்கிறேன், அவ்வளவுதான். மாத்திரை பற்றி மறக்காமல் எழுது.

உன் தம்பி


மார்ச் 18

அன்புத் தம்பிக்கு,

கிழித்துவிட்டேன் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாய். நான்தான் கிழிக்கச் சொன்னேன். ஆனாலும் இரண்டு வரி தள்ளி எழுதியிருக்கலாம்.

வியாழக்கிழமை மெஷின் ஊசி என் நகத்தோடு இறங்கிவிட்டது. பள்ளிச் சீருடை ஆர்டர், வெள்ளைச் சட்டை. காலரில் பொட்டு வைத்த மாதிரி ரத்தம். பக்கத்து மெஷின்காரி "ஐயோ அக்கா!" என்று என் விரலைப் பிடிக்க வந்தாள். "தொடாதே!" என்று கத்திவிட்டேன். எப்படிக் கத்தினேன் என்றால், பதினொரு மெஷினும் ஒரே சமயத்தில் நின்றன. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு, காலரைச் சுருட்டிப் பைக்குள் போட்டு, தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். அந்தக் காலரை அடுப்பில் போட்டுக் கொளுத்தினேன். பிறகு நர்ஸிடம் கேட்டால், "சோப்பு போட்டு அலசினாப் போதும்மா, எதுக்குத் துணியை வீணாக்கினீங்க?" என்கிறார். அந்தப் பெண் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. கோபமா, இல்லை ஏதாவது ஊகித்துவிட்டாளா என்று தெரியவில்லை. அவள் தண்ணீர் குடிக்க எழுந்தாலே நான் மெஷினை நிறுத்திவிட்டு அவளையே பார்க்கிறேன்.

நீ சொன்னதைக் கேட்கவில்லை. வாலுவைக் கூட்டிக்கொண்டு போனேன். உடம்பில் சத்து இருக்கிறதா பார்க்க என்று சொல்லிவைத்தேன். ஆஸ்பத்திரி நடைபாதையின் கோடியில் அந்த அறை. அதைத் தாண்டி வேறு அறையே கிடையாது. அந்தப் பக்கம் நடந்தாலே எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். "ஏம்மா உன் கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்று என் இரண்டு கையையும் அவள் தேய்த்துவிட்டாள். நான் அவளுக்குத் தேய்த்துவிட வேண்டியது.

அவளுக்கு இல்லை. இல்லை தம்பி! நர்ஸ் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "சத்து ரொம்ப இருக்கோ?" என்று வாலு கேட்டாள்.

மாத்திரை தினம் ஒன்று. கொஞ்சம் தலை சுற்றுகிறது. விடாமல் சாப்பிட்டால் வயசாகும்வரை இருக்கலாம், மற்றவர்களுக்கும் பரவாது என்கிறார்கள். அது சரி, ஒரே கடிதத்தில் மாத்திரையைப் பற்றி ஏன் இரண்டு முறை கேட்டாய்?

உன் அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

வாலு செய்தியைப் படித்துவிட்டு நாற்காலியிலேயே அழுதேன். இனி எழுதப்போவதைப் படித்தால் நீ என்னை வாசலில்கூட ஏற்றமாட்டாய்.

எங்கள் சபையின் மைக்செட், விளக்கு எல்லாம் ஒரு ஒயர்மேன் பொறுப்பு. முப்பத்து நாலு வயது. போன ஆகஸ்டில் என் அறைக்கு வந்து, மேசைமேல் ஒரு மாத்திரை டப்பாவை வைத்தான். "ஐயா, எனக்கு எச்.ஐ.வி. மூணு வருஷமா இதைச் சாப்பிட்டுட்டு வரேன். வீட்டுல அவளுக்குக்கூடத் தெரியாது. இதைச் சாப்பிட்டா எனக்கு விசுவாசம் இல்லன்னு ஆயிடுமா?"

"நீயே சொல்லு. நீ நம்புறது ஆண்டவரையா, இந்த டப்பாவையா?" என்று கேட்டேன்.

டப்பாவை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு பேர் சொல்லாமல் அதைப் பிரசங்கத்தில் சொன்னேன். மாத்திரையை உதறிய விசுவாசி என்று. சபையே கைதட்டியது. அக்கா, அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது அவன் வார்டில் படுத்து மூன்று வாரம். மூளைவரை கிருமி போய்விட்டதாம். மனைவியை "நீங்க யாரு?" என்கிறான். அவனுக்கு என்ன வியாதி என்று அவளுக்கு அந்த வார்டில்தான் தெரிந்தது. "நல்லாத்தானே இருந்தாரு ஐயா, திடீர்னு என்ன ஆச்சு?" என்று என்னைக் கேட்டாள். பதில் சொல்லாமல் ஒரு ஜெபம் செய்துவிட்டு வந்துவிட்டேன். டப்பா இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது. திறக்கவே பயமாக இருக்கிறது.

உன் முதல் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அக்கா மாத்திரையைச் சாப்பிட வேண்டுமே என்றுதான். ஜெபம் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

என்ன செய்யட்டும்?

தம்பி


மார்ச் 28

தம்பி,

இரண்டு நாளாக உன் கடிதத்தைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருக்கிறேன். நீ பயப்படுவது அவன் உயிருக்கா, உன் பேருக்கா?

டாக்டரிடம் போ. எந்த மாதம் நிறுத்தினான் என்று சொல். அவன் மனைவியிடம் சொல். பிறகு கைதட்டினவர்களிடம் சொல். அந்தக் கூட்டத்தில் இன்னும் எத்தனை பேர் வீட்டில் டப்பாவைத் தூக்கி எறிந்தார்களோ, யார் கண்டது?

இதையெல்லாம் செய்யாமல் எனக்கு எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு என்னையே பார்த்தார். ஒயர்மேன் மனைவியிடம் வார்டு வராந்தாவில் வைத்துச் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புதன்கிழமை அவன் போய்விட்டான்.

அடக்கத்துக்குப் பக்கத்துச் சபை பாஸ்டரைக் கூப்பிட்டிருந்தாள். நான் வாசல் கேட்டுக்கு வெளியே நின்றேன். வியாதியின் பேர் அதற்குள் தெருவெல்லாம் போய்விட்டது. வந்தவர்கள் எட்டடி தள்ளியே நிற்கிறார்கள். பெட்டியைத் தூக்க மூன்று பேர்தான் முன்வந்தார்கள். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு நேராக என்னிடம் வந்து, "தூக்குங்க. ஜெபம் மட்டும் பண்ணாதீங்க" என்றாள். தூக்கினேன். வாய் திறக்கவில்லை.

ஞாயிறு பிரசங்க மேடையில் நின்றேன். "போன வருஷம் நீங்க கைதட்டினீங்களே, அவரு செத்துட்டாரு. மாத்திரையை விட வச்சது நான். நான் சொன்னது தப்பு" என்றேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். சபை மூப்பர்கள் கூடி, மறு உத்தரவு வரும்வரை நான் பிரசங்கம் செய்யக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் அன்று சாயங்காலமே ஒரு அம்மா பின்வாசல் வழியாக வந்தார். "ஐயா, நான் நிறுத்தி ஆறு மாசம் ஆச்சு, திரும்பத் தொடங்கினா கேக்குமா?" என்றார். அவர் போனதும் இன்னொருவர். நீ சொன்னது சரிதான் அக்கா. இரண்டு பேரையும் நேற்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இன்னும் எத்தனை பேரோ.

ஒயர்மேன் மனைவி பரிசோதனைக்கு வரமாட்டேன் என்கிறாள். இங்கேயும் அந்த அறை நடைபாதைக் கோடியில்தான். "அங்க போனா எல்லாரும் என்னையே பாப்பாங்க" என்று என் மனைவியிடம் சொன்னாளாம். என் மனைவி கூப்பிட்டும் வரவில்லை. என்னோடு எப்படி வருவாள்?

என்னை மன்னிப்பாயா அக்கா?

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

மன்னிப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறாய். அவளிடம் இப்போதைக்குக் கேட்காதே.

நான் வருகிறேன். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு பஸ் அங்கே வந்துவிடும். வாலு பாஸ்டரம்மா வீட்டில் இருப்பாள். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்தால், "பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

உன் மனைவியிடம் என் விஷயத்தைச் சொல்லி, அவளை ஒயர்மேன் மனைவியிடம் அனுப்பு. தையல்காரி ஒருத்தி வருகிறாள், அவளுக்கும் இதே வியாதி, அவள் வீட்டுக்காரரும் சொல்லாமலே போனவர்தான் என்று சொல்லட்டும். முகம் தெரியாத ஒருத்திக்கு என் கதை தெரியப்போகிறது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தாலே தெரியும். அவள் வரமாட்டேன் என்றால் வாசலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

வந்தால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அறைக்கு நடப்பேன். பார்க்கிறவர்கள் யாருக்கு என்று தெரியாமல் குழம்பட்டும்.

நீ பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வழியைக் காட்டு. அவள் வீடு வரை வா. உள்ளே வராதே.

அக்கா