உரக்கச் சொன்ன ஆமென்

13 டிசம்பர் 1974, வெள்ளி

இன்று காலை பாத்திகளின் சொந்தக்காரர் பிரம்மதேசம் சக்கரபாணியிடம் அச்சாரம் கொடுத்து, கால்வாய் ஓரத்துப் பதினொரு உப்புப் பாத்தியையும் பொங்கல் முதல் எனக்குக் குத்தகை என்று பேசி முடித்தேன். மாலையில், அதே பாத்திகள் தன் கையை விட்டுப் போகக் கூடாது என்று தனக்கோடி ஜெபித்தாள். அதற்கு நான் ஆமென் சொன்னேன். எல்லோரையும் விட உரக்க.

பழக்கம்தான் காரணம். வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் யார் ஜெபித்தாலும் முதல் ஆமென் என்னுடையது. மூட்டை தூக்கிய காலத்தில் உப்பளத்தில் கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை. ‘ஆமென் அண்ணன்’ என்று சபைப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வது தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கூட்டம் இந்த வாரம் தனக்கோடி வீட்டில். அவள் புருஷன் ஐப்பசியில் காய்ச்சலில் போனான். ஒன்பது வருஷம் இருவரும் அந்தப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து, மிதித்து உப்பு வாரியவர்கள். முழங்காலில் நின்றுகொண்டு, யாரிடமோ வழக்குச் சொல்வது போல ஜெபித்தாள்: “ஆண்டவரே, கால்வாய் ஓரத்துப் பாத்தி எங்க கையை வுட்டுப் போவக் கூடாது. குறுக்கால எவன் வந்தாலும் அவன் மனசை நீர் திருப்பணும். இயேசுவின் நாமத்துல கேக்கறேன் பிதாவே.”

என் வாய் முந்திக்கொண்டது.

14 டிசம்பர், சனி

வெறும் சொல். பழக்கத்தில் வந்தது. அவ்வளவுதான்.

16 டிசம்பர், திங்கள்

அவ்வளவுதானா? திண்டிவனம் மண்டியில் ‘சரி’ என்று ஒரு சொல் சொன்னால் ஐந்து லாரி உப்பு கை மாறுகிறது. ‘பழக்கத்தில் சொல்லிட்டேன்’ என்று மறுநாள் நான் போய் நின்றால் துண்டை உதறிவிட்டு எழுந்து போவார்கள்.

குழந்தைசாமி உபதேசியாரைக் கண்டேன். சின்ன வயது, என் தம்பியை விட இளையவர். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன்.

“ஆமென்னா அப்படியே ஆகட்டும்னு அர்த்தம்ணே. ஒருத்தர் எழுதின மனுவுல நாமளும் கையெழுத்துப் போடற மாதிரி.”

“மனுவைப் படிக்காம போட்டுட்டா?”

“அது போட்டவர் தப்பு.” சிரித்தார். “எனக்கே பாதி நாள் பழக்கத்துலதான் வருது. வெளியில சொல்லிடாதீங்க.”

“அதுக்கு முன்னாடி இயேசுவின் நாமத்துலன்னு சொல்றமே, அது?”

“நீங்க ஆள் அனுப்பறீங்களே, என் பேரைச் சொல்லி வாங்கிட்டு வான்னு. கடைக்காரன் அந்த ஆளைப் பார்த்தா குடுக்கறான்? உங்க பேரைப் பார்த்துக் குடுக்கறான்.”

“என் பேரைச் சொல்லி ஒருத்தன் சாராயம் கேட்டா?”

“அந்தப் பேருக்கு ஒவ்வாததைக் கேட்டா கடைக்காரன் தர மாட்டான்ணே.”

நல்ல வியாபாரி ஆகியிருக்க வேண்டிய பையன்.

வழியெல்லாம் ஓட்டை தேடிக்கொண்டே வந்தேன். அவள் என் பெயரைச் சொல்லவில்லை. ‘எவன்’ என்றுதான் சொன்னாள். அவன் மனசு திரும்ப வேண்டும் என்று கேட்டாள். என் மனசு திரும்பவில்லை. ஆகவே அந்த ஜெபம் கேட்கப்படவில்லை. கேட்கப்படாத ஜெபத்துக்குச் சொன்ன ஆமென் செல்லாது. — எனக்கே வெட்கமாக இருந்தது. இவ்வளவு சுற்றி வளைக்கிறவனுக்கு நான் கடனில் ஒரு மூட்டை கொடுக்க மாட்டேன்.

18 டிசம்பர், புதன்

என் மனைவி வசந்தாவிடம் சொன்னேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவள் முதலில் சிரித்தாள்.

“அப்போ அந்த ‘எவன்’ நீங்கதானா?” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். “உங்க மனசைத் திருப்பணும்னு நீங்களே ஆமென் போட்டிருக்கீங்க. என்னா மனுசன் நீங்க?”

“வியாபாரம் வேற, ஜெபம் வேற.”

“அதை அங்கயே முட்டி போட்டுச் சொல்லியிருக்கணும்.”

நான் ஆசைப்பட்டதில் தவறு என்ன? கால்வாய் ஓரத்தில் தண்ணீர் முதலில் ஏறும். மற்றவர்கள் பாத்தி திருத்தும்போது அங்கே உப்பு பூத்துவிடும். இருபது வருஷம் அடுத்தவன் உப்பையே வாங்கி விற்றவனுக்குச் சொந்தப் பாத்தி வேண்டாமா? தனக்கோடிக்கு நடத்தத் தெரியாது என்று சொல்லிவிடலாம் என்றால், அதுவும் முடியாது. தண்ணீரை விரலில் தொட்டுப் பிசைந்தே பதம் சொல்லிவிடுவாள். என்னை விடக் கெட்டிக்காரி.

20 டிசம்பர், வெள்ளி

இன்று கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டேன். யார் ஜெபத்துக்கும் ஆமென் சொல்லவில்லை. முடிக்கிறவர்கள் ஒரு கணம் காத்திருந்தார்கள். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆமென் வந்தது. தனக்கோடி அதே ஜெபத்தைத்தான் திரும்பவும் செய்தாள்.

கூட்டம் முடிந்ததும் சுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். “தொண்டை கட்டிக்கிச்சாண்ணே?”

“ம்.”

“போன வாரம் நீங்க சொன்ன ஆமென்லதாண்ணே எனக்குத் தெம்பு. நீங்க ஒரு சொல்லு சொன்னா சரக்கு லாரியில ஏறிட்ட மாதிரின்னு எங்க வூட்டுக்காரர் சொல்லுவார்.”

சுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை. கோழை.

22 டிசம்பர், ஞாயிறு

கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் முடிவில், எல்லாம் உம்முடையது என்று சொல்லிவிட்டுத்தான் ஆமென் வருகிறது. இத்தனை வருஷம் அந்த வரியை ஒரே மூச்சில் ஓட்டியிருக்கிறேன். இன்று பாதியில் நின்றுவிட்டேன். அந்த ‘எல்லாம்’ என்பதில் பதினொரு பாத்தியும் சேர்த்தி.

28 டிசம்பர், சனி

சக்கரபாணியிடம் போனேன். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள்.

“கிறிஸ்மஸ் கேக்கு எங்கய்யா?” என்றார்.

“கேக்கு அப்புறம். பாத்திக் குத்தகையைத் தனக்கோடி பேருக்கே எழுதிக் குடுங்க.”

“ஏம்பா, நீ வாக்கு மாறி நான் பார்த்ததில்லியே!”

“ரெண்டு இடத்துல வாக்குக் குடுத்துட்டேங்க. ஒண்ணு உங்ககிட்ட. இன்னொண்ணு பெரிய இடத்துல.”

“எந்தப் பெரிய இடம்? கலெக்டரா?”

“அவருக்கும் மேல.”

“உங்க சாமி வியாபாரத்தைக் கெடுக்குதே” என்றார். பிறகு, “அச்சாரம் திரும்ப வராது. குத்தகையும் நீ ஏத்திச் சொன்னதுதான். ஒரு காசு குறைக்க மாட்டேன். அவ தவறினா நீதான் பதில் சொல்லணும்.”

சரி என்றேன். இந்தச் சரி யோசித்துச் சொன்னது.

3 ஜனவரி 1975, வெள்ளி

கூட்டத்துக்கு முன்னாலேயே தனக்கோடி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

தரையில் உட்கார்ந்து கேட்டாள்: “ஆமென் சொல்றப்போ உங்க அச்சாரம் சக்கரபாணி ஐயா மடியிலதான் இருந்துச்சா?”

“ஆமாம்மா.”

“தெரிஞ்சேவா சொன்னீங்க?”

“வாய் சொல்லிடிச்சு. நான் சொல்லல.”

“அப்போ அந்த ஆமென் எனக்கு வேணாம்.” எழுந்து முந்தானையைத் தலையில் போட்டாள். “இன்னொரு தபா ஜெபிக்கிறேன். முழுசாக் கேட்டுட்டு, இஷ்டம்னா சொல்லுங்க.”

அதே ஜெபம். ‘எவன்’ என்ற இடத்தில் இந்த முறை என் பெயரைச் சொன்னாள். இயேசுவின் நாமத்தில் என்று முடித்துவிட்டுக் காத்திருந்தாள். நானும் ஒரு முறை மனதுக்குள் அதை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். பிறகு ஆமென் சொன்னேன். பக்கத்து வீட்டுக்குக் கூடக் கேட்டிருக்காது.

அதற்கப்புறம் உட்கார்ந்து பேரம் பேசினாள். பேசினதைக் குறித்துக்கொள்கிறேன்:

பதினொரு பாத்தியும் மூன்று வருஷம் தனக்கோடி பேரில். அச்சாரம் என்னோடு போயிற்று. குத்தகையில் ஏறின தொகை முதல் வருஷம் என் பொறுப்பு. உப்பு முதலில் எனக்கு. விலை அன்றைய அளத்து விலை. அதற்கு மேல் மூட்டைக்கு நாலணா நான் கூடத் தருவது.